சாயக்காரர் வயித்துல ஓடின சேப்பு

மத்தவங்க காலையில வெளியே போய்ட்டு வந்து, கை கழுவி மறந்துடற சமாச்சாரத்த ரெண்டு கையாலயும் வாங்கி, பேர் எழுதி, பத்திரமா அடுக்கி வெக்கிறதுதான் என் தொழிலு. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சின்ன லேப்பு. அங்க நான் அட்டெண்டர். ரத்தம், ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, சளி, எதுவா இருந்தாலும் என் கைய தாண்டித்தான் மைக்ராஸ்கோப்புக்குப் போவணும். உங்கள்லயும் லேப்புல, வார்டுல, ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வேலை பாத்தவங்க இருப்பீங்க. கல்யாணப் பந்தியில பக்கத்து எலக்காரன் "தம்பி இன்னா வேலை பண்றாப்ல?"ன்னு கேட்டா, எலையில கீற வடையப் பாத்துகினே முழிப்பீங்களே, அந்த முழி எனக்கும் தெரியும். நம்ப கஷ்டம் நமக்குள்ள பேசினாத்தான் உண்டு.

நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். ஆனா யாரு கொரலா இருந்தாலும் ஒருவாட்டி கேட்டா போதும், அப்படியே பேசிடுவேன். எங்க லேப்பு சார் இருமறதுலேர்ந்து பஸ் கண்டக்டர் "போளூர் போளூர்"னு கத்தறது வரைக்கும் அத்துப்படி. அந்தக் கொரலு எனக்கு சோறு போடல. ஆனா எம்பதுகளோட ஆரம்பத்துல, சாயக்கார ஏழுமலைன்னு ஒரு மனுசன் பொழைப்பாரா மாட்டாரான்னு ஆனப்ப, அது ஒருநாள் வேலைக்கு ஆச்சு. அவரு கதையத்தான் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி எங்க தொழிலோட லட்சணத்துக்கு ஒரு சாம்பிளு.

ஜரிகைப் பெட்டி

அப்பல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஏது? டாக்டரு "மோஷன் டெஸ்ட்"னு எழுதிக் குடுத்தா, ஜனங்க கையில கெடைச்சதுல புடிச்சிகினு வருவாங்க. பவுடர் டப்பா, தைல பாட்டிலு, தீப்பெட்டி. நெசவுக்காரங்க கொண்டு வர்றது ஜரிகை வந்த காலிப் பெட்டி. நல்ல கெட்டிப் பெட்டி, சாமி படம் ஒட்டி, பாக்கவே லட்சுமிகரமா இருக்கும். ஒருநாளு ஒரு நெசவுக்காரரு குடுத்துட்டுப் போன பெட்டிய சார் தொறந்தாரு. உள்ள தகதகன்னு தங்கக் கலர்ல ஜரிகை! சார் என்னைப் பாத்தாரு, நான் சாரைப் பாத்தேன். அந்தாளு வர்ற வழியில மிச்ச ஜரிகைய முதலாளி வூட்டுல திருப்பிக் குடுத்துட்டு வர்றதா சொல்லியிருந்தாரு. எதைக் குடுத்தாருன்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சிபோச்சி.

செருப்பு கூட போடாம ஓடினேன். போனா, முதலாளி குளிச்சி பட்டை போட்டுகினு, பெட்டிய மகாலட்சுமி படத்துக்கு முன்னால வெச்சி கற்பூரம் காட்டிகினு கீறாரு. "தொறக்காதீங்க முதலாளி!"ன்னு போலீஸ்காரன் கொரல்ல ஒரு அதட்டு போட்டேன். மனுசன் தட்டை அப்படியே கீழ வுட்டுட்டாரு. விஷயம் தெரிஞ்சி குதிக்கிறாரு. பின்னாலயே மூச்சு வாங்கிகினு வந்த நெசவுக்காரரு சமாதானம் சொன்னாரு பாருங்க: "உங்களுது அங்க பத்திரமா கீது, என்னுது இங்க பத்திரமா கீது, இதுல யாருக்கு இன்னா நஷ்டம் முதலாளி?"

சேப்பு யாருது?

ஏழுமலையண்ணா சாயப்பட்டறை வெச்சிருந்தாரு. கொதிக்கிற தொட்டியில பட்டு நூலை முக்கி முக்கி எடுத்து, ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சேப்பா இருக்கும். சோப்பு போட்டாலும் போவாது, சீயக்கா போட்டாலும் போவாது. அம்பது வயசு, கடப்பாரை மாதிரி ஒடம்பு. அந்த ஒடம்பு கொஞ்சநாளா எளைச்சிகினே வந்துது. சாயந்தரமானா ஜுரம். எங்க ஊரு டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எழுதிக் குடுத்தாங்க. அவரு சம்சாரம் பச்சையம்மா அண்ணிதான் டப்பாவைக் கொண்டாந்து குடுத்துது. தொறந்தா செக்கச் செவேல்னு கீது.

"அண்ணி, இது எத்தினி நாளா?"ன்னேன். "மாசக்கணக்கா"ன்னுது. பின்னாலயே வந்த ஏழுமலையண்ணா சிரிக்கிறாரு. "டேய் சுந்தரு, சாயக் கையாலதான சோறு துன்றேன், சாயமாத்தான் போவும். எங்க தெருவுல எல்லாருக்கும் அப்படித்தாண்டா." நெசமாவே அந்தத் தெருவே அப்படி நம்பிகினு இருந்துது! சார் விடல. ரெண்டு கண்ணாடிக் குழா எடுத்து வெச்சாரு. ஒண்ணுல இவரு பட்டறை சாயத் தண்ணி, இன்னொண்ணுல இவரு சரக்கு. ரெண்டுலயும் ஒரே மருந்த வுட்டாரு. ரத்தம் இருந்தா நீலமாவும், சாயமா இருந்தா ஆவாது. சாயம் சாயமாவே இருந்துது. இவருது பச்சை நீலமா மாறிச்சி. குழாவ வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி, தலைய சாச்சி சாச்சிப் பாத்தாரு ஏழுமலையண்ணா. மொகம் வாடும்னு நெனச்சேன். அவரு சாரைப் பாத்துக் கேட்டாரு: "இந்த மயில் கழுத்துக் கலரு ஜோரா கீது சார், இன்னா மருந்து இது, பட்டுல நிக்குமா?"

ஊரே டாக்டரு

ரத்தம்னு தெரிஞ்சதும் ஊரே வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சிது. ரத்தமா, மூலந்தான்! நெசவுக்காரன் நாளெல்லாம் குழித்தறியில குந்தறான், மூலம் வராம இன்னா வரும்? ஏழுமலையண்ணா தறியில குந்தறவரே இல்ல, நின்னுகினே வேலை செய்யறவரு. அதை யாரு கேக்கறாங்க? சந்தவாசல்லேர்ந்து ஒருத்தர் பச்சிலை கொண்டாந்தாரு. டீக்கடைக்காரரு கருணைக்கிழங்கு துன்னச் சொன்னாரு. நான் ஒவ்வொருத்தரு மாதிரியும் பேசிக் காட்டுவேன், ஏழுமலையண்ணா சிரிப்பாரு, சிரிக்கிறப்பவே மூச்சு வாங்கும். அந்த மூச்சைப் பாத்துட்டுத்தான் மறுபடியும் டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போனேன். டாக்டரம்மா நெஞ்சுல நாலு எடத்துல குழாய வெச்சிக் கேட்டாங்க. அப்பால சொன்னாங்க: "மூலம் வந்தா மாசக்கணக்குல ஜுரம் வராது ஏழுமலை. உன் ரத்தம் வேலூருக்குப் போகணும், அதுல என்ன வளருதுன்னு பாக்கணும்."

மடியில குந்தின பாட்டிலு

ரத்தத்த கஞ்சித் தண்ணி மாதிரி ஒரு சத்துத் தண்ணியில கலந்து பாட்டில்ல போட்டாங்க. உள்ள கிருமி இருந்தா அது அதைத் துன்னு வளருமாம். குளிர வெக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, ஜல்தியா போவணும். வேலூருக்கு பஸ்ஸுல யாரு போறது? நாந்தான். துண்டுல சுத்தி கொழந்த மாதிரி மடியில வெச்சிகினேன். பக்கத்துல ஒரு தேசூருக்காரரு. கூடையில கோழி வெச்சிருந்தாரு. "இன்னா தம்பி, தேனா?"ன்னாரு. "ரத்தம்ங்க, உள்ள கிருமி வளந்துகினு கீது"ன்னேன். மனுசன் கோழிக் கூடைய எடுத்து அந்தப் பக்கம் வெச்சிட்டு, கண்ணமங்கலம் வரைக்கும் என்னை ஓரக்கண்ணாலயே பாத்துகினு வந்தாரு. எறங்கறப்ப கண்டக்டருகிட்ட சொன்னாரு: "அந்தாளுக்கு ரெண்டு டிக்கெட் போடுப்பா, மடியில கீறது உசுரோட கீதாம்."

குடல் தெரு குடித்தனக்காரன்

வளந்துது. வேலூர்லேர்ந்து சேதி வந்ததும் டாக்டரம்மா ஏழுமலையண்ணாவையும் அண்ணியையும் குந்த வெச்சிப் பேசினாங்க. பக்கத்துல நானு. "நம்ம எல்லாரு குடல்லயும் கோடிக்கணக்குல கிருமி இருக்கு. முக்காவாசி நல்லதுங்க. சோறு செரிக்க ஒதவி பண்ணிட்டு சும்மா இருக்குதுங்க. உன் ரத்தத்துல இருக்கறதும் குடல்ல வாழ்ற கிருமிதான், மணி கோத்த மாதிரி சங்கிலி சங்கிலியா இருக்கும். அது இப்ப ரத்தத்துல வந்து, இதயத்துல இருக்கற வால்வுங்கற கதவுல ஒட்டிக்கிச்சு. அதான் ஜுரம், மூச்சு. அது குடலை விட்டு ஏன் வெளிய வந்துது? வழி எங்க கெடைச்சுது? இந்தக் கிருமி ரத்தத்துல தென்பட்டா குடல்ல புத்துநோய்க் கட்டி இருக்கான்னு தேடிப் பாருங்கன்னு பெரிய டாக்டருங்க இப்ப எழுத ஆரம்பிச்சிருக்காங்க. உனக்கு அடியில ரத்தம் வேற போவுது."

"இந்தக் கிருமியாலதான் கட்டி வருதாம்மா?"ன்னு பச்சையம்மா அண்ணி கேட்டுது. கையெழுத்து கூட போடத் தெரியாத பொம்பள, நேரா அடிமடியில கை வெச்சா மாதிரி ஒரு கேள்வி. டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு சொன்னாங்க: "கட்டி இருக்கறதால கிருமிக்கு வழி கெடைச்சுதா, கிருமி இருந்ததால கட்டி வந்துதா, அது எனக்கும் தெரியாது, எனக்குப் பாடம் சொன்னவங்களுக்கும் தெரியாது. ஆனா தேடாம விடமாட்டேன்."

ஜுரம் போச்சு, ஆளும் போச்சு

வேலூர்ல படுக்க வெச்சி வாரக்கணக்கா ஊசி. பென்சிலின். ஏழுமலையண்ணா ஒடம்புல ஊசி குத்த எடம் இல்ல. ஞாயித்துக்கெழம போய் நான் அவருக்கு வேடிக்கை காட்டுவேன். கிருமிங்களையே பேச வெப்பேன். நல்ல கிருமி எங்க டீக்கடைக்காரரு கொரல்ல, "வாங்க, சோறு வந்துகீது, செரிச்சிடலாம்"ங்கும். குடல் தெருவுல குடித்தனம் இருக்கற சங்கிலிக் கிருமி பஸ் ஸ்டாண்டு ரவுடி கொரல்ல, "டேய், செவுத்துல ஓட்டை கீதுடா, வா ரத்தத்துக்குப் போய் ஊரைச் சுத்தலாம்"ங்கும். வார்டே சிரிக்கும். நர்ஸம்மா மொதல்ல தொரத்தினாங்க, அப்பால கதவோரம் நின்னு அவங்களும் கேட்டாங்க.

ஜுரம் நின்னுது. மூச்சு சரியாச்சு. குடலைப் பாக்கறதுக்குள்ள அய்யா மூட்டைய கட்டிகினு ஆரணிக்கு வந்துட்டாரு! ஆவணி முகூர்த்தம் வருது, பட்டறையில தொட்டி காஞ்சி கெடக்குதாம். டாக்டரம்மா என்னைக் கூப்ட்டு, "சுந்தரம், அந்தாளை எப்படியாவது வேலூருக்குக் கூட்டிட்டுப் போற பொறுப்பு உன்னுது"ன்னாங்க. சரி, விடறதில்லன்னு நானும் முடிவு பண்ணேன். தெனம் பட்டறைக்குப் போவேன். மூங்கில்ல காயப்போட்ட ஈர நூலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்குவாரு. காலு மட்டும் தெரியும். "காலு தெரியுதுண்ணா"ன்னா காலைத் தூக்கிக்குவாரு. ஒருநாளு தொட்டியக் கிண்டிகினே திரும்பாம சொன்னாரு: "நீதானடா சொன்னே அவன் குடித்தனக்காரன்னு, குடித்தனக்காரன் காலி பண்ணிட்டு போய்ட்டான், காலி வூட்டை எதுக்குடா தொறந்து பாக்கறது?"

அவரு கொரல்லயே

என் வாயி என்னையே மாட்டி வுட்டுட்ச்சி. ஆனாலும் மறுநாளும் போனேன். அன்னிக்குன்னு பாத்து ஒரு நெசவுக்காரரு பொடவை ஒண்ணைத் தூக்கிகினு வந்தாரு. சேப்புக் கரை, வெள்ளை ஒடலு. கரையில கீற சேப்பு கொஞ்சம் ஓடி வெள்ளையில எறங்கிகீது. "எலுமிச்சம்பழம் போட்டு லேசா தொடச்சிக் குடுங்கண்ணா, யாரு பாக்கப் போறா?"ன்னாரு. ஏழுமலையண்ணாவுக்கு வந்துது பாருங்க கோவம்! "மேல தொடச்சா நின்னுடுமாய்யா? எந்த நூலுலேர்ந்து ஓடுதுன்னு பாக்க வாணாம்? இன்னிக்கு தொடச்சிட்டுப் போவே, கல்யாணப் பொண்ணுக்கு வேர்த்தா மறுபடியும் ஓடும். எங்க ஓடுதுன்னு தேடு, அந்த எடத்த அறுத்துப் போடு, நல்ல நூலா எடுத்து சேரு! அதை வுட்டுட்டு தொடைக்க வந்துட்டாரு தொடைக்க!"

நெசவுக்காரரு பொடவையச் சுருட்டிகினு போய்ட்டாரு. நான் தொட்டிக்கு இந்தாண்ட நின்னுகினு, இடுப்புல கை வெச்சி, தொண்டைய செருமி, அவரு கொரல்லயே அவரைப் பாத்து ஆரம்பிச்சேன். "மேல ஊசி போட்டா நின்னுடுமாய்யா? எங்கேர்ந்து ஓடுதுன்னு பாக்க வாணாம்? இன்னிக்கு ஜுரம் போச்சின்னு தொட்டியக் கிண்டிகினு கீறே, நாளைக்கு மறுபடியும் ஓடும். எங்க ஓடுதுன்னு தேடு, அறுத்துப் போடு, சேரு!" எப்பவும் நான் யாரு மாதிரி பேசினாலும் நானே மொதல்ல சிரிச்சிடுவேன். அன்னிக்கு எனக்கு சிரிப்பு வரல. அவருக்கும் வரல. கையில கீற கம்பு தொட்டியில அப்படியே நின்னுது. உள்ள சோறு வடிச்சிகினு இருந்த பச்சையம்மா அண்ணி, புருசன்தான் கத்தறாருன்னு நெனச்சி வெளிய வந்துது. அவரு வாய மூடிகினு நிக்கறாரு, கொரலு மட்டும் என்கிட்டேர்ந்து வருது. ஒரு நிமிசத்துல புரிஞ்சிகினு, கொடியில கெடந்த சட்டைய உருவி அவரு மேல போட்டுது. "உன் தொண்டையே சொல்லிடிச்சி, இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும், கெளம்பு."

வெள்ளைத் தண்ணி

குடலைப் பாக்கறதுன்னா, மொத நாளே பேதிக்குக் குடுத்து வயித்த சுத்தமா காலி பண்ணிடுவாங்க. மறுநாளு பின்பக்கமா குழாய வெச்சி சுண்ணாம்பு கரைச்சா மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணிய குடலுக்குள்ள ஏத்தி, எக்ஸ்ரே எடுப்பாங்க. தண்ணி போற எடமெல்லாம் படத்துல வெள்ளையா தெரியும். ஏழுமலையண்ணாவை உள்ள இட்டுகினு போனாங்க. இந்தப் பக்கம் பொரளு, அந்தப் பக்கம் பொரளு, மூச்சைப் புடி, வுடு. வெளிய நிக்கற எனக்கே வயிறு வலிச்சிது. முடிஞ்சி, போர்வைய சுத்திகினு, சுவத்தப் புடிச்சிகினு வந்தாரு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வெரலை நீட்டி சொன்னாரு: "காலமெல்லாம் நான் நூலை முக்கி எடுத்தேன், இன்னிக்கு என்னை முக்கி எடுத்துட்டாண்டா, இதை மட்டும் ஆரணியில போய் நடிச்சிக் காட்டினே, கொன்னுடுவேன்."

சுருக்குப்பை

படத்துல குடலு வெள்ளையா, கொழுகொழுன்னு ஓடிகினு வந்து, எடப்பக்கம் ஒரு எடத்துல மட்டும் சுருக்குப்பை வாய இழுத்துக் கட்டினா மாதிரி சிறுத்துப் போயிருந்துது. புத்துநோயி. அந்தக் காலத்துல அந்தப் பேர நோயாளிகிட்ட சொல்லவே மாட்டாங்க. சொந்தக்காரங்க வெராண்டாவுல மூலைக்கு மூலை நின்னு, அல்சர்னு சொல்லிடலாம், கொடலு எறக்கம்னு சொல்லிடலாம்னு யோசனை பண்ணாங்க. எத்தினி கொரலு பேசறவன், அன்னிக்கு அவங்களோட சேந்து நானும் தலையாட்டினேன். பச்சையம்மா அண்ணிதான் ஒரே பிடியா நின்னுது. "பொய் சொன்னா அந்தாளு எழுந்து தொட்டியக் கிண்டப் போயிடும். நெசத்த சொல்லுங்க."

அங்க ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டரு கட்டில் பக்கத்துல குந்தி நெசத்தையே சொன்னாரு. கட்டி கீது, கெட்ட கட்டி, இன்னும் பக்கத்துல பரவலன்னு நெனைக்கிறேன், வயித்தக் கிழிச்சி அந்தத் துண்டை எடுத்துட்டு ரெண்டு முனையும் சேத்துத் தைக்கணும், உறுதியா எதுவும் சொல்ல முடியாது. ஏழுமலையண்ணா தன்னோட சேப்புக் கைங்களையே பாத்துகினு இருந்தாரு. நகக்கண்ணு வரைக்கும் சாயம் போவாம நின்னுது. அப்பால நிமிர்ந்தாரு: "ஓடற எடத்த அறுத்துப் போட்டு சேக்கணும்னு நானே சொன்னதுதான் சார், எப்ப வெச்சிக்கலாம்?"

எங்கிட்டயே ஊசியா?

ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும்னாங்க. ஆரணியிலேர்ந்து நெசவுக்காரங்க, சாயக்காரங்கன்னு ஒரு பஸ் நெறைய வந்து எறங்கினாங்க. மொத ஆளா நான் சட்டைக் கைய மடிச்சிகினு போய்ப் படுத்தேன். காலமெல்லாம் மத்தவங்க ரத்தத்த தூக்கிகினு திரிஞ்சவன், என்னுது குழாயில எறங்கறத எட்டிப் பாத்தேன். அவ்ளோதான் தெரியும். கண்ணு முழிச்சா மூஞ்சியில தண்ணி, கால் ரெண்டும் தலகாணி மேல. பக்கத்துல நின்ன நர்ஸம்மா என் சட்டைப் பையில கீற லேப்பு சீட்டையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுக் கேட்டாங்க: "அங்க நீங்க ரத்தம் எடுக்கற பக்கமா, குடுக்கற பக்கமா?"

கருப்பு நூலு

ஆபரேஷன் முடியறவரைக்கும் அண்ணி ஒரு வாய் தண்ணி குடிக்கல, ஒரு சொட்டு கண்ணீரும் வுடல. பெரிய டாக்டரு வெளிய வந்து, கட்டி முழுசா வந்துடிச்சி, பக்கத்துல எங்கயும் இல்லன்னு சொன்னப்புறந்தான் முந்தானையால மூஞ்சிய மூடிகினு சுவரோரமா குந்திட்ச்சி. அவரு பொழைச்சாரு. அதுக்கப்புறம் எத்தினியோ முகூர்த்தத்துக்கு அவரு கையால சேப்பு போட்டாரு. அந்தத் தெருவுல யாருக்கு டப்பாவுல சேப்பு தெரிஞ்சாலும், சாயம்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே கையப் புடிச்சி இழுத்துகினு லேப்புக்கு வந்துடுவாரு. கிருமி மொதல்லயா கட்டி மொதல்லயான்னு டாக்டரம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பதிலு கெடைக்கல. ஆனா புதுசா எந்தப் புஸ்தகம் வந்தாலும் அதைத்தான் மொதல்ல தேடுவாங்க.

நான் சொல்ல வந்தது ஆபரேஷன் முடிஞ்ச வாரம் வார்டுல நடந்தது. பெரிய டாக்டரு தையலைப் பாக்க வந்தாரு. ஏழுமலையண்ணா கேட்டாரு, "உள்ள குடலை சேத்துத் தச்சீங்களே சார், இன்னா நூலு?" டாக்டரு சாதாரணமா, "சில்க்"னாரு. "பட்டா? என் வயித்துலயா?"ன்னு அவரு எழுந்திரிக்கப் பாத்தாரு. "ஆமாம்ப்பா, கருப்பு சில்க். உறுதியா நிக்கும்"னு தட்டிக் குடுத்துட்டு டாக்டரு அடுத்த கட்டிலுக்குப் போய்ட்டாரு. புத்துநோயின்னு சொன்னப்ப கூட மாறாத மூஞ்சி, கருப்புன்னதும் வெளுத்துப் போச்சி. என் சட்டையப் புடிச்சி இழுத்து, காதோரம் சொன்னாரு: "டேய் சுந்தரு, கருப்புதாண்டா ஓடற சாயம், நல்லா அலசிட்டுத்தான் தச்சானுங்களான்னு ஓடிப் போய் கேளு, நாளைக்கு கருப்பா போச்சின்னா நீதான மறுபடியும் டப்பாவ நீட்டுவே!"

வயித்துக்குள்ள கோடிக் கிருமி குடித்தனம் பண்ணுதுன்னு சொன்னா ஏப்பம் வுட்டுட்டுப் போற ஆரணிக்காரன்கிட்ட, உள்ள ஒரு முழம் பட்டு கீதுன்னு மட்டும் சொல்லிப் பாருங்க, அப்பால தூக்கம் போறது நம்பளை மாதிரி டப்பா தூக்கறவங்களுக்குத்தான்.